ஆசிரமத்துக் கிணறும் அடுத்த ஊர்க் கிணறும்

1919ஆம் ஆண்டு தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தில் களைத்துப்போன ரவீந்திரநாத் தாகூர் ஓய்வெடுக்கத் தேர்ந்தெடுத்த ஊர் மதனப்பள்ளி. அங்கிருந்த தியசாபிகல் கல்லூரியின் முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் கவிஞரின் நண்பர். அங்கே தங்கிய சில நாட்களில்தான் தாகூர் ‘ஜன கண மன’வை ஆங்கிலத்தில் பெயர்த்தார். முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் பாட்டின் மெட்டுக்குச் சுரக் குறிப்பு எழுதினார். தேசிய கீதத்தின் வரலாற்றில் சித்தூர்ச் சீமைக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

அமைதியைத் தேடி இந்தப் பக்கம் வந்தவர்களில் தாகூர் முதல்வரும் அல்ல, கடைசியானவரும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கடப்பை கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி, கோடை வெப்பம் தாங்காமல் பக்கத்து மலைமேல் வீடு கட்டிக்கொண்டார். இன்றும் அதற்கு ஹார்ஸ்லி மலை என்றே பெயர். 1895இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1920களில் ஊருக்கு வெளியே ஒரு வறண்ட பள்ளத்தாக்கைக் கண்டு, இங்கே ஒரு கல்விக்கூடம் வர வேண்டும் என்று விரும்பினார். அதுதான் இன்றைய ரிஷி வேலி. 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் துண்டாடப்பட்டபோது பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி தனியே போனது; திருப்பதி தனி மாவட்டமே ஆனது. ஆனால் மலை, பாறை, காற்று எதுவும் மாறவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் எட்டிய தூரம் என்பதால் ஓவியர்கள், எழுத்தாளர்கள், தியானம் செய்வோர், நகர வாழ்க்கையில் சலித்துப்போன கம்ப்யூட்டர்காரர்கள் என்று பலரும் இங்கே நிலம் பார்க்க வருகிறார்கள். நாலு குடில், ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, தங்கிப் படைக்க ஓர் இடம் என்பது அவர்கள் கனவு.

நிலத்தைப் பதிவு செய்ததும் நடக்கும் முதல் காரியம், உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது. இரண்டாவது காரியம் போர் லாரி. தண்ணீர் பீறிட்டு வந்துவிட்டால் ‘இனி நாம் யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை’ என்று ஓர் ஆறுதல் பிறக்கிறது. தப்புக் கணக்கு தொடங்குவது அந்த இடத்தில்தான். சொந்தமாகப் போர் வைத்திருப்பதற்கும் தண்ணீரில் தன்னிறைவு பெறுவதற்கும் அதிக சம்பந்தமில்லை.

காரணம், பூமிக்கடியில் இருக்கிறது. சித்தூர் வட்டாரம் பெரும்பாலும் கருங்கல் பூமி. தஞ்சைபோல ஆழமான வண்டலோ மணலோ இங்கே கிடையாது. மேலே சிறிது மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. சிதைந்த பாறையில் தங்கும் தண்ணீர்தான் பழைய திறந்த கிணறுகளுக்கு ஊற்று. அதற்குக் கீழே பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தண்ணீர் ஓடும். போர்வெல் என்பது அந்த வெடிப்புகளில் ஒன்றைத் தேடிப் போடும் ஊசி. மதனப்பள்ளிப் பக்கத்தில் ஆயிரம் அடியைத் தொடும் துளைகள் இப்போது அதிசயமல்ல. அந்த வெடிப்புக்கு வேலி தெரியாது. ஆசிரமத்துக்குள் இறங்கும் குழாய் உறிஞ்சுவது, வேலிக்கு வெளியே உள்ள தக்காளித் தோட்டத்துக் கிணற்றின் அதே தண்ணீரையாக இருக்கலாம். மதனப்பள்ளித் தக்காளிச் சந்தை நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று. அதற்குக் காய் அனுப்பும் சிறு விவசாயிக்குக் கிணறு வற்றினால் அந்தப் போகம் போனதுதான். தங்க வந்தவருக்குத் தண்ணீர் வற்றினால் டேங்கர் வரும்; இல்லாவிட்டால் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டின் ஆந்திர நீர், நிலம், மரங்கள் சட்டத்தின்படி, பொதுக் குடிநீர்க் கிணற்றுக்கு 250 மீட்டருக்குள் அனுமதியின்றிப் புதிய கிணறு தோண்டக் கூடாது. ஆனால் கருங்கல் பூமியில் வெடிப்புகள் போகும் வழியை டேப் வைத்து அளந்துவிட முடியாது. சட்டத்துக்கு உட்பட்ட போரும் பக்கத்துக் கிணற்றைக் காலி செய்யலாம்.

அப்படியானால் தன்னிறைவு என்பது என்ன? இதே வட்டாரத்தில் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வயதுடையது. மற்றது அதைவிட நாலைந்து நூற்றாண்டு மூத்தது.

முதல் பதில் ரிஷி வேலி. பள்ளி தொடங்கிய காலத்தில் சுற்றிலும் இருந்தவை மொட்டைக் குன்றுகள். ஆடுமாடு மேய்ச்சலும் விறகு வெட்டும் போக மிஞ்சியது முள்ளும் பாறையும்தான். மழை பெய்தால் தண்ணீர் தங்காது. மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். பள்ளியினர் பல தலைமுறைகளாகச் செய்தது விளம்பரமில்லாத வேலை: மரம் நடுவது, சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது, ஓடைகளில் தடுப்புகள் வைப்பது, தண்ணீர் நின்று மெல்ல உள்ளே இறங்கக் கசிவுநீர்க் குட்டை அமைப்பது. இன்று பசுமையாக நிற்கும் அந்த வளாகம் 1991இல் பறவைகள் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே இதுவரை 200க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டுமே காணப்படும் மஞ்சள் தொண்டைச் சின்னான் அவற்றில் ஒன்று. பள்ளி தன் வேலிக்குள்ளேயே நின்றுவிடவும் இல்லை. 1980களிலிருந்து சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகளை நடத்தி வருகிறது.

இதில் மந்திரம் ஏதுமில்லை. மரம் மழையைக் கொண்டுவந்து கொட்டாது. அதுவும் தண்ணீர் குடிக்கும் ஜீவன்தான். தைல மரத்தை வரிசையாக நட்டு ‘காடு வளர்த்தோம்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் அந்தப் பாடத்தைப் பின்னால் கற்றார்கள். நாட்டு மரமும் புல்லும் புதரும் கலந்த மூட்டம் செய்வது வேறு வேலை: விழும் மழையின் வேகத்தைத் தணித்து, மண்ணுக்குள் இறங்க அவகாசம் தருகிறது. அப்படி இறங்கும் தண்ணீர் வேலிக்குள் மட்டும் நிற்காது. பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் செய்யும் வேலையின் பலனில் ஒரு பங்கு கீழே இருக்கும் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். போர் போடும்போது தெரியாமல் அடுத்தவரிடமிருந்து எடுக்கிறோம். கரை போடும்போது தெரியாமல் அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். பாறையின் வெடிப்பு இரண்டுக்கும் பொதுதான்.

இரண்டாவது பதில் திருப்பதி. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை தமிழ். விஜயநகர ஆட்சியின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ஒரு ஏற்பாடு மீண்டும் மீண்டும் வருகிறது. பெருமாளுக்கு நாள்தோறும் இன்ன அமுதுபடி நடக்க வேண்டும் என்று ஒருவர் பணம் தருகிறார். அந்தப் பணம் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. கோயிலுக்குச் சொந்தமான கிராமங்களில் ஏரி தோண்டவும் கால்வாய் வெட்டவும் போடப்பட்டது. பாசனத்தால் கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து அமுதுபடி நடந்தது. வரலாற்று ஆய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஏற்பாட்டை விரிவாக எடுத்துக் காட்டினார். சுருக்கமாகச் சொன்னால், மலைமேல் தளிகை வேக வேண்டுமானால் கீழே ஊர் ஏரி நிறைய வேண்டும். கோயிலின் நலனும் குடியானவனின் நலனும் ஒரே மதகில் கட்டப்பட்டிருந்தன.

இன்று அதே மலைக்கு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கானோர் வருகிறார்கள். கோகர்பம், ஆகாசகங்கை, பாபவிநாசம், குமாரதாரை, பசுப்புதாரை என்று ஐந்து அணைகள் மலைமேல் மழையைப் பிடித்து வைக்கின்றன. போதாதபோது கீழே கல்யாணி அணையிலிருந்து தண்ணீர் மேலே ஏற்றப்படுகிறது. அப்படியும் 2024 ஆகஸ்டில், அணைகளில் இருப்பு குறைந்துவிட்டது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று தேவஸ்தானம் பக்தர்களையும் உள்ளூர்வாசிகளையும் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஐந்து அணை கட்டியவர்களுக்கே மழைக்கணக்கு இப்படி என்றால், ஐந்து ஏக்கர் வாங்கியவர்கள் கணக்குப் போடாமல் இருக்கலாமா?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மதனப்பள்ளிப் பக்கத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ. கிழக்கே திருப்பதிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்வதால் அங்கே கூடுதல். 30 பேர் தங்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கூரைகளும் சேர்த்து 600 சதுர மீட்டர். விழும் மழை 4.2 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக 80 சதவீதம் பிடிபட்டால் கைக்கு வருவது 3.36 லட்சம் லிட்டர்.

இனி செலவு. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுப் பொறியியல் கையேட்டின் கணக்கு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் மிஷன் கிராமத்தில் ஆளுக்கு வாக்களித்தது 55 லிட்டர். நகரத்துக் கணக்கில் 30 பேருக்கு ஆண்டுச் செலவு 14.8 லட்சம் லிட்டர். கூரை மழை அதில் கால் பங்கைக்கூடத் தொடாது. கிராமத்துக் கணக்கில் 6 லட்சம் லிட்டர். பாதிக்கும் மேல் கூரையே தந்துவிடும். ஆக, எத்தனை தொட்டி கட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு 55, இந்தப் பக்கம் இருப்பவருக்கு 135 என்பது எந்த நியாயம் என்பதுதான் முதல் கேள்வி. நகரத்தை விட்டு ஓடி வந்தவர்கள் நகரத்தின் குழாயையும் கையோடு கொண்டுவந்தால், பாறை என்ன செய்யும்?

135க்கும் 55க்கும் இடையில் உள்ள பள்ளத்தின் பெரும்பகுதி கழிப்பறையில் இருக்கிறது. பழைய பாணி ஃப்ளஷ் தொட்டி ஒருமுறை இழுத்தால் 10 லிட்டர். ஒருவர் நாளில் ஐந்து முறை இழுத்தால் 50 லிட்டர். 30 பேருக்கு ஓராண்டில் 5.4 லட்சம் லிட்டருக்கும் மேல். அதாவது, ஆண்டு முழுவதும் கூரையில் பெய்த மழை மொத்தமும் ஃப்ளஷ்ஷுக்கே போதாது. கைக்கும் கோப்பைக்கும் தேவையான தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும் என்னும் சரிவான கிராமியக் கோப்பைக்கு இரண்டு லிட்டர் சொச்சம் போதும். தண்ணீர்ச் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறையைப் பார்ப்பது நல்லது.

கழிப்பறையிலிருந்து வெளியே போவது எங்கே போகிறது என்பது அடுத்த விஷயம். கிராமப்புறங்களில் ‘செப்டிக் டேங்க்’ என்று அழைக்கப்படுபவற்றில் பல, அடித்தளமில்லாத குழிகள்தான். ஆற்று மணலில் கிருமி சிறிது தூரம் போவதற்குள் வடிகட்டப்படும். கருங்கல் வெடிப்பில் அப்படி வடிகட்ட ஏதுமில்லை. குழியிலிருந்து கசிவது வெடிப்பு வழியே நேரே கிணற்றுக்குப் போய்விடலாம். குழிக்கும் கிணற்றுக்கும் 10 மீட்டர், 15 மீட்டர் இடைவெளி போதும் என்ற பொதுவான விதி மண் உள்ள இடத்துக்குப் பொருந்தும். பாறை மேலெழும்பிய இடத்தில் அதை நம்ப முடியாது. இந்த வட்டாரத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு தொல்லை ஏற்கெனவே உண்டு. அதோடு நைட்ரேட்டும் மலக்கிருமியும் சேர வேண்டியதில்லை.

மண் ஆழமாக உள்ள இடத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறை நல்ல ஏற்பாடு. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி இரண்டு ஆண்டு ஆறினால் வாடையற்ற மக்காகிவிடும்; மண்வெட்டியால் அள்ளித் தென்னைக்குப் போடலாம். பாறை மேலே இருக்கும் இடத்தில் தரைக்கு மேல் கட்டும் உலர் கழிப்பறை பொருத்தம். சிறுநீர் தனியே, மலம் தனியே. ஒவ்வொரு முறையும் சாம்பலோ மரத்தூளோ ஒரு கை. திருச்சி மாவட்டம் முசிறியில் 2000களில் இப்படிப்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டன. பொதுக் கழிப்பறைக்குப் போகக் காசு கொடுக்கும் ஊரில், பயன்படுத்துவோருக்கே சிறு தொகை கொடுத்த வேடிக்கையும் அங்கே நடந்தது. அது வெறும் வேடிக்கை அல்ல. சிறுநீரில் உரச்சத்து இருக்கிறது. ஒருவர் நாளில் கழிக்கும் ஒரு லிட்டர் சொச்சத்தில், உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. உரிய காலம் சேமித்து, தண்ணீர் கலந்து வாழைக்கு ஊற்றினால் யூரியா மூட்டை வாங்கும் செலவு குறையும்.

சொல்லும்போது எல்லாம் சுலபம். நடைமுறையில் ஒரு கேள்வி எழும்: அந்தக் குழியைத் திறப்பது யார்?

இந்த நாட்டில் அந்தக் கேள்விக்குச் சாதிதான் பதில் சொல்லி வந்திருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை அமர்த்துவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், பிறகு இன்னும் கடுமையாக 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன. பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதும் குற்றம். ஆனாலும் மரணங்கள் நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியதே அதற்குச் சாட்சி. இயற்கையோடு இசைந்த வாழ்வு என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டு, குழி நிறைந்ததும் ஊர்க் கோடியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டனுப்பினால், அந்த இசைவு வேலியோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. தமிழர்களுக்கு அதில் பங்கும் உண்டு. 1910இல் தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் காந்தியும் அவரது நண்பர் காலன்பாக்கும் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்கின. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஊற்று கொஞ்சம் தள்ளி இருந்தது. தண்ணீரைக் காவடி கட்டித் தூக்கி வந்தார்கள். குளித்த, கழுவிய தண்ணீர் வாளியில் சேர்ந்து மரங்களுக்குப் போனது. காய்கறிக் கழிவு உரமானது. மலம் ஆழமற்ற குழியில் இடப்பட்டு மண்ணால் மூடப்பட்டது. பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. எல்லா வேலையையும் தங்கியிருந்தவர்களே செய்தார்கள். அத்தனை பேர் இருந்தும் எங்கும் அசுத்தம் கண்ணில் படவில்லை என்று காந்தி பின்னாளில் எழுதினார். இன்றைய கழிவுநீர்த் தொழில்நுட்பம் சொல்லும் பாடங்களில் பாதி அந்தப் பண்ணையில் வாளியும் மண்வெட்டியுமாக நடந்திருக்கிறது. இன்று யந்திரம் உண்டு, கையுறை உண்டு, ஆறிய மக்கை அள்ளுவதில் அருவருப்புக்கு இடமும் இல்லை. தங்க வருபவர்களின் வாராந்தர வேலைப் பட்டியலில் அதுவும் ஒன்றாக இருந்தால் போதும்.

குளியல் தண்ணீரும் சமையல்கட்டுத் தண்ணீரும் வேறு கணக்கு. மொத்த உபயோகத்தில் பெரும்பகுதி அது. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்க ஒரு சிறு தொட்டி, அதை அடுத்து ஜல்லி நிரப்பிய பாத்தி, அதில் கல்வாழை அல்லது நாணல். வேர்களையும் ஜல்லியையும் கடந்து வரும் தண்ணீர் தோட்டத்துக்குப் போகலாம். தமிழகத்தில் ஆரோவில் இந்த வகைச் சிறு சுத்திகரிப்பு அமைப்புகளைப் பல குடியிருப்புகளில் நடத்திப் பார்த்திருக்கிறது. 1968இல் பொட்டலாகக் கிடந்த செம்மண் மேட்டில் தொடங்கிய ஆரோவில், கரை போட்டு மரம் வளர்த்து மழையைத் தேக்கியது. ஆனால் அங்கேயும் நிலத்தடி நீர் பற்றிய கவலை தீரவில்லை. சுற்றுவட்டாரம் முழுவதும் போர் போட்டு உறிஞ்சும்போது, கடலோரத்தில் உப்புநீர் உள்ளே வரும் ஆபத்தை ஒரு வளாகம் மட்டும் தனியே தடுத்துவிட முடியாது. வேலிக்குள் எல்லாம் சரியாகச் செய்தாலும் வேலிக்கு வெளியேயும் பேச வேண்டியிருக்கிறது.

கலைஞர்கள் தங்கும் இடத்துக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. சாயம் கழுவிய நீர், டர்பன்டைன், மண்பாண்ட மெருகுப் பூச்சு ஆகியவை கல்வாழைப் பாத்திக்குச் சேராது. உலோகச் சத்து கலந்த நிறமிகளைச் செடி சுத்தம் செய்துவிடாது. அவற்றைத் தனியே பிடித்து, வண்டலைக் காயவைத்து அப்புறப்படுத்துவதற்கு ஒரு மூலை வேண்டும். கலைக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து, கலம் பிடித்து வரைந்து, படிகாரம் பூசி, ஓடும் நீரில் அலசுகிறார்கள். அலசும் தண்ணீர் தேங்கினால் சாயம் மற்ற இடங்களில் படியும், நிறம் கெடும். அதனால்தான் அந்தக் கலை சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வளர்ந்தது. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் அங்கே பயிற்சி மையம் வந்தது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி சுவர்ணமுகியில் மணல்தான் தெரிகிறது. குறியீடு கொடுக்கலாம், ஆற்றில் தண்ணீர் விட அதனால் ஆகாது.

ஆக, நிலம் வாங்கியவர் என்ன செய்யலாம்? போர் லாரிக்கு முன்னால் ஓர் ஆண்டு மழையைக் கவனிக்கலாம்: எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, யாருடைய குண்டைக்குப் போகிறது என்று. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் 30 பேருக்கு ஆறு மாத வறட்சிக்கு 54,000 லிட்டர். வெயில் படாமல் மூடிய ஒரு தொட்டி கட்டி, முதல் மழையை வெளியே விட்டு, பிறகு வரும் கூரைத் தண்ணீரை அதில் நிரப்பினால் குடிநீர்க் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. மீதித் தேவைக்குக் கூரையைவிட நிலமே பெரிது. ஒரு ஹெக்டேரில் 700 மி.மீ. மழை என்பது 70 லட்சம் லிட்டர். வரப்பும் பள்ளமும் வெட்டி அதில் பத்தில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்கினாலே 7 லட்சம் லிட்டர்; 30 பேரின் கிராமத்துக் கணக்கைவிட அது அதிகம்.

இங்கேயும் ஒரு எல்லை உண்டு. ஓடையை மறித்து எல்லாத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டால் கீழே இருக்கும் ஊர்க் குளம் காயும். ராயலசீமையில் ஏரிகள் சங்கிலியாகக் கட்டப்பட்டவை; மேல் ஏரியின் கலிங்கில் வழிவது கீழ் ஏரியின் வரத்து. அதனால் எந்தத் தடுப்புக்கும் உரிய உயரத்தில் ஒரு வழிவு வேண்டும். கலிங்கை மறந்தால் வறட்சியில் அண்டை வீட்டுக்காரர் ஏசுவார். வெள்ளத்தில் கரையே போகும். 2021 நவம்பரில் திருப்பதி மூழ்கிய மழையில், நகருக்குப் பக்கத்தில் விஜயநகர காலத்து ராயலசெருவின் கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த கிராமங்களை அவசரமாகக் காலி செய்ய வேண்டியிருந்தது. மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காப்பாற்றினார்கள். பழைய ஏரிகளை வெட்டியவர்களுக்குத் தண்ணீரைப் பிடிக்கவும் தெரிந்திருந்தது, விடவும் தெரிந்திருந்தது. பராமரிக்கும் கடமையைத்தான் பின்னால் வந்தவர்கள் கைவிட்டார்கள்.

ஊர் ஏரியின் கரையைச் சீர்ப்படுத்தவோ, வரத்துக் கால்வாயில் முள்ளை வெட்டவோ கிராமத்தார் கூடும்போது, புதிதாக வந்த நிறுவனமும் ஆளும் பணமும் அனுப்பினால் அது தர்மம் அல்ல, முதலீடு. திருமலைக் கோயில் அறிந்து செய்த முதலீடும் அதுதான். தன் கிணற்றுக்குச் செய்யும் ஆகச் சிறந்த காரியம், அடுத்த ஊர் ஏரியை நிரப்புவது. இப்போது ஹந்த்ரி–நீவா கால்வாய் வழியே கிருஷ்ணா தண்ணீர் இந்த வட்டாரத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது; 2025 ஆகஸ்டில் அது குப்பம் வரை வந்தது. ஸ்ரீசைலத்திலிருந்து படிப்படியாக மேலேற்றி அத்தனை தூரம் கொண்டுவரும் தண்ணீரைத் தேக்கி வைக்கவும் அதே ஏரிகள்தான் வேண்டும்.

தன்னிறைவு அடைந்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கயிறும் அதன் நுனியில் ஒரு கல்லும் போதும். ஏப்ரல் மாதத்தில் வேலிக்கு வெளியே போய், பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக் கிணற்றில் அதை இறக்கிப் பார்க்க வேண்டும். போன ஏப்ரலைவிடத் தண்ணீர் மேலே இருந்தால் வளாகத்துக்குள் நடப்பது சரியான காரியம். கீழே இறங்கியிருந்தால், உள்ளே எத்தனை மரம் நட்டிருந்தாலும் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.